காணிக்கைப் பையில் விழுந்த சங்கு

அத்தியாயம் 11

காணிக்கைப் பையில் காசுக்குப் பதிலாகப் பொத்தான் போடுகிறவன் நரகத்துக்குப் போவானா என்பது பனவிளைக்கோணம் சபையில் இன்னும் தீர்மானமாகவில்லை. அந்தப் பொத்தான் எங்கே போகும் என்பது மட்டும் பதினெட்டு வருஷத்துக்கு முன்பே தீர்மானமாகிவிட்டது. அது ஞானசிகாமணி வீட்டுக்குப் போகும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டி எலியா ஆண்கள் பக்கத்துச் சிவப்புப் பையையும் பெண்கள் பக்கத்து நீலப் பையையும் மேசைமேல் கவிழ்ப்பார். காசு போதகரைச் சேரும். பொத்தான்கள் ஒரு பழைய காகிதத்தில் பொதிந்து, திருவிதாங்கூர் மகாராஜா பட்டாளத்தின் உடுப்புக் கிட்டங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஞானசிகாமணியைச் சேரும். பட்டாளமே போன பிறகும் பட்டாளத்துப் பொத்தான்களை விடாமல் சேர்த்துவரும் ஒரே மனிதர் அவர்தான். ஒரு கம்பவுண்டரின் பழைய மருந்து அலமாரியில், பஞ்சு விரித்த நாலு தட்டுகளில், நானூற்றுப் பன்னிரண்டு பொத்தான்கள். கும்பினிக்காரன் சிங்கம் உண்டு, விக்டோரியா ராணியின் கிரீடம் உண்டு. நாயர் பட்டாளத்துச் சிப்பாய்களின் சங்குப் பொத்தான் ஒன்பது உண்டு. பொன்முலாம் பூசிய ஆபீசர் பொத்தான் மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் குறையைச் சொல்லும்போது, பிள்ளை இல்லாதவன் பேசுவதுபோல் பேசுவார்.

அவருக்குப் பிள்ளை இருக்கிறான். சென்ற வாரம் அவனைத்தான் மண்டை உடைந்த நிலையில் பொழியூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம்.

வாசிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. செவ்வாய்க்கிழமை பனவிளைக்கோணம் சந்தையில் தமிழ்நாடு காங்கிரஸ்காரர்கள் ஊர்வலம் போனார்கள். ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். போலீசார் தடியெடுத்தார்கள். சந்தை முக்கில் தையல்கடை வைத்திருக்கும் ஞானசிகாமணியின் மகன் விஜயதாஸின் தலையில் இரண்டு அடி விழுந்தது. மூன்றாவது விழுவதற்குள் யாரோ இன்ஸ்பெக்டர் மோகனனின் கோட்டை நெஞ்சோடு பிடித்து உலுக்கியதில் மேல் பொத்தான் பிய்ந்து போய்விட்டது.

அது சாதாரணப் போலீஸ் பொத்தான் அல்ல. நாயர் பட்டாளத்தில் ஆபீசராக இருந்த தாத்தாவின் பொத்தானை, விதி முறைக்கு விரோதமாக, கோட்டின் முதல் இடத்தில் தைத்து அணிவது இன்ஸ்பெக்டரின் வழக்கம். பிடுங்கியவன் 'ஆறடிக்குக் குறையாத முரட்டு ஆண், இரும்புக் கை' என்று ரிப்போர்ட் எழுதினார். ஐந்து நாளாக அவுட்போஸ்டில் ஊர் ஆண்களை டேப் வைத்து அளந்துகொண்டிருக்கிறார்கள். பொன்னுதாஸ் வாத்தியார் அரை அங்குலத்தில் தப்பினார்.

இன்னும் ஒன்று உண்டு. வரும் கிறிஸ்துமஸ் அன்று ஞானசிகாமணிக்கு அறுபது நிறைகிறது. அதற்காக மகன் போன மாதமே ஒரு சிறு பொதியைக் கொடுத்து, "அன்னைக்குத்தான் பிரிக்கணும் அப்பா" என்று சொல்லியிருந்தான். சொன்ன சொல் மாறாத மனிதர். அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டிவிட்டார்.

இனி, இந்த ஞாயிற்றுக்கிழமை.

"அண்ணாச்சி, இந்நா ஒங்க பங்கு," என்று எலியா பொதியை நீட்டினார். "ஒண்ணு நல்ல கனமாட்டு உண்டு. பெண்டுகளுக்க பையிலயாக்கும் கெடந்தது."

ஞானசிகாமணி கோயில் முற்றத்திலேயே பிரித்தார். இரண்டு சட்டைப் பொத்தான், சிரட்டையில் செய்த ஒன்று, அப்புறம் அழுக்கேறிய பித்தளை நிறத்தில் கனமான ஒன்று. சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தார். கறுத்த முகத்தில் சங்கின் வடிவம் மங்கலாகத் தெரிந்தது. ஓரத்தில் பொன்.

அன்றைய பிரசங்கம் நாவை அடக்குவதைப் பற்றி.

"ஆபீசர்!" என்று கத்தினார் ஞானசிகாமணி. "எனக்க கர்த்தாவே, நாயர் பட்டாளம்! ஆபீசருக்க பட்டனாக்கும் இது!"

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினார். போதகருக்கு இரண்டு தடவை காட்டினார்.

சந்தோஷம் வீடு வரைக்கும் கூட வந்தது. சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பொத்தானை வைத்தபோது அதன் காதில் ஏதோ சிக்கியிருப்பதைக் கண்டார். பொத்தானைத் துணியோடு சேர்த்துத் தைக்கும் பின்வளையத்தைத்தான் அவர் காது என்பார். காதில் காக்கி நூல். நூலோடு பிய்ந்து வந்த காக்கித் துணி, ஒரு நகக்கண் அளவு.

ஆபீசர் பொத்தானும் காக்கித் துணியும் ஊரில் ஒரே ஒரு நெஞ்சில்தான் சேர்ந்திருந்தன. விஜயதாஸா? அவன் பொழியூரில் படகு நிழலில் அல்லவா படுத்திருக்கிறான். அப்போதுதான் எலியா சொன்ன வார்த்தை காதிலிருந்து புத்திக்கு வந்து சேர்ந்தது. பெண்களின் பை.

அடுக்களையில் செல்லபாய் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலைவி. நாலடி பத்து அங்குலம். எறும்பு சாகாமல் முற்றம் பெருக்குபவள். வலது கைப் பெருவிரலில் துணி சுற்றியிருந்ததால் இடது கையால் திருவினாள்.

"செல்லம்."

"சோறு ஆவல்ல."

"வெரல்ல என்ன?"

"மரச்சீனிக்கெழங்கு வெட்டினேன்னு செவ்வாக்கிழமையே சொன்னேனே."

"செவ்வாக்கிழமை நாம மரச்சீனி திங்கல்ல."

தேங்காய் திருவும் சத்தம் நின்றது. செல்லபாய் திருவியதை ஒரு ஓரமாக ஒதுக்கினாள். "பிடுங்கினது நானாக்கும்," என்றாள், கறிக்கு உப்பு கூடிப்போனதைச் சொல்வதுபோல.

ஞானசிகாமணி அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். உட்கார நினைக்கவில்லை, அங்கே சாக்கு இருந்தது நல்லதாகப் போயிற்று.

"ஆறடி ஆம்பிளைன்னுல்லா அவன் எழுதி வச்சிருக்கான்!"

"மீன்காரிக்க பெட்டிமேல ஏறி நின்னேன்."

"எட்டீ!"

"என்ன எட்டீ? எனக்க கண்ணு முன்னால பிள்ளைக்க மண்டையில ரெண்டு அடிச்சான். மூணாமத்ததுக்குக் கை ஓங்கினான். எனக்க கையில சாளை மீனு மட்டும்தான் உண்டு. அதப் போட்டுட்டு, கிட்டினதப் பிடிச்சேன். நெஞ்சு கிட்டிச்சு. விட்டா அடிப்பான். அதுனால விடல்ல. பட்டன் கையோட வந்திச்சு."

முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்த பெண்ணை ஞானசிகாமணி புதிதாக வந்த சரக்கைப் போலப் பார்த்தார்.

"பெறவு ஏன் காணிக்கையில போட்ட?"

"கெணத்துல போட்டா எறச்சுப் பாப்பானுவ. மண்ணுல பொதச்சா கோழி கிண்டும். காணிக்கையில போட்டா நேரே ஒங்க அலமாரிக்கு வரும். நானூறு பட்டனுக்கு நடுவுல எவன் தேடுவான்?"

"எனக்க கையில தரப்பிடாதா?"

"தந்தா எங்கேருந்து கிட்டிச்சுன்னு கேப்பிய. நான் பொய் சொல்லணும். காணிக்கையில வந்தத நீங்க ஒரு நாளாவது எங்கேருந்துன்னு கேட்டதுண்டா?"

கேட்டதில்லை. கிடைத்த பொத்தான் எந்தக் காலத்தது, எந்தப் பட்டாளத்தது, அசலா போலியா என்று கேட்பார். யார் நெஞ்சிலிருந்து வந்தது என்று இதுவரை கேட்டதில்லை.

"எல்லாம் சரியாத்தான் கணக்குப் போட்டேன்," என்றாள் செல்லபாய். "நீங்க கோயில் முற்றத்துல நின்னு கூவுவியன்னு மட்டும் நெனைக்கல்ல."

வாசலில் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் மோகனன் அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு வந்திருந்தார். கழுத்துக்குக் கீழே பொத்தான் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. பின்னால் கான்ஸ்டபிள் தங்கையன். அவருக்குப் பின்னால், வழியில் பிடித்து ஏற்றிய எலியா.

"சாரே, நமஸ்காரம்." குரலில் மரியாதை இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "எண்டெ பட்டன் சாருடெ கையில் எத்தியது பாக்கியம். வேறே யாராச்சும் என்றால் உருக்கி மோதிரம் செய்யும்."

மேசைமேல், வெள்ளைத் துணியில், காக்கி நூலோடு அது கிடந்தது. மறைக்க எதுவும் மிச்சமில்லை.

"நெய்யாற்றின்கரை கோடதியில் வக்கீல் என்ன கேட்கும்? போலீஸ் கோட்டில் பட்டாளத்து பட்டன் ஏது, இதெல்லாம் கள்ளக்கதை என்று சொல்லும். அதினாலே சார் ஒரு கடலாசு எழுதித் தரணும். நாயர் பட்டாளம், ஆபீசர் பட்டன், அசல். அத்தற மதி, அது போதும். பின்னே இந்த எலியா சொல்லும், இது எந்தப் பையில், எந்த வரிசையில் விழுந்தது என்று."

எலியா செல்லபாயைப் பார்த்தார். அவள் பெருவிரலைப் பார்த்தார். பிறகு கிணற்றைப் பார்க்கத் தொடங்கி, கடைசிவரை கிணற்றை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அம்மச்சீ, கைக்கு என்ன ஆயி?" இன்ஸ்பெக்டர் கனிவாகக் கேட்டார்.

"மரச்சீனி," என்றாள் செல்லபாய்.

"நோக்கி வெட்டணும். எண்டெ அம்மையும் இங்ஙனெதான், கத்தி என்றால் பயம் கிடையாது." பிறகு ஞானசிகாமணியிடம் திரும்பினார். "சாரே, ஆளு ஆறடி உண்டு. இரும்பு கை. பட்டன் அசல் என்று சார் எழுதினா, மூணு கொல்லம் உறப்பு."

மூன்று வருஷம். ஞானசிகாமணி பேனாவைத் தேடினார். பேனா கையில்தான் இருந்தது.

"ஆனால் ஒண்ணு," என்று இன்ஸ்பெக்டர் பொத்தானைத் தொட்டார். "சங்கு தெரியல்ல. ஒண்ணு கழுகணும்."

"பழசக் கழுவப்பிடாது சார்!" பயத்தையும் மீறி ஞானசிகாமணிக்குக் கோபம் வந்தது. "அந்த அழுக்காக்கும் அதுக்க வயசு!"

"மஜிஸ்திரேட்டுக்கு வயசு வேண்டா. சங்கு மதி."

செல்லபாய் புளி கொண்டுவந்தாள். யாரும் கேட்கவில்லை, வீட்டில் வந்தவர்களுக்குச் செய்யும் உபசாரம்போல அவளாகவே கொண்டுவந்தாள். தன்னை மூன்று வருஷம் உள்ளே வைக்கப்போகும் பொத்தானை இடது கையால் பக்குவமாகத் தேய்த்து, கழுவி, முந்தானையில் துடைத்துப் புருஷன் கையில் கொடுத்தாள்.

ஞானசிகாமணிக்கு ஒரு முறை உண்டு. பொத்தானை முதுகிலிருந்துதான் வாசிக்க வேண்டும். முகம் ஆசை காட்டும், முதுகு பொய் சொல்லாது என்பது கிட்டங்கியில் கற்றது. காலையில் சந்தோஷத்தில் முறை தப்பியிருந்தார். இப்போது கை தானாகவே பொத்தானைக் கவிழ்த்தது.

முதுகில் செய்தவன் பெயர் இல்லை.

ஆபீசர் பொத்தானில் பெயர் வட்டமாகச் சுற்றி வரும். காதைத் தனிக் கம்பியில் செய்து பற்றவைத்திருப்பார்கள். இதில் காதும் முதுகும் ஒரே வார்ப்பு. விளிம்பில் அச்சின் இரண்டு பாதி சேர்ந்த தழும்பு. அதை அரம் போட்டு மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். காதின் உள்பக்கத்தில் அரம் எட்டாமல் தழும்பு அப்படியே நிற்கிறது.

முகத்தைத் திருப்பினார். கழுவிய சங்கு பளிச்சென்று தெரிந்தது. அலமாரியிலிருந்து ஒரு சிப்பாய்ப் பொத்தானை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சிப்பாய்ச் சங்கு வலம் திருகி நின்றது, மகாராஜாவின் சங்கு நிற்க வேண்டிய விதத்தில். இது இடம் திருகி நின்றது. அச்சில் வெட்டும்போது எதையும் திருப்பி வெட்ட வேண்டும். வெட்டியவன், பாவம், கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடியே வெட்டிவிட்டான்.

இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், இது ஒங்க அப்பூப்பனுக்க பட்டனேதானா? நிச்சயம்தானா?"

"நிச்சயம். மகாராஜாவின்டெ சன்னிதானத்தில் கிட்டியது."

"செவ்வாக்கிழமை கோட்டுல கெடந்ததும் இதுதானா?"

"இதே. எழுதணும் சாரே."

ஞானசிகாமணி பேனாவை மூடினார். "எழுத முடியாது சார். இது போலியாக்கும்."

தங்கையன் வாயிலிருந்த வெற்றிலையை விழுங்கிவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரித்தார், பிறகு சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். ஞானசிகாமணி இரண்டு பொத்தான்களையும் அவர் உள்ளங்கையில் வைத்து, பூதக்கண்ணாடியையும் கொடுத்தார். "சங்கப் பாருங்க. வலம்புரியா, இடம்புரியா?"

இன்ஸ்பெக்டர் பார்த்தார். ஒரு கண்ணால் பார்த்தார், இரண்டு கண்ணாலும் பார்த்தார். வலம்புரிக்கும் இடம்புரிக்கும் வித்தியாசம் தெரியாதவர் அந்த நாட்டில் இல்லை.

கோர்ட்டில் இது தன்னுடையது என்று சொன்னால் தாத்தாவின் பெருமை நெய்யாற்றின்கரை வக்கீல்களின் வாயில் விழும். தன்னுடையது இல்லை என்று சொன்னால் வழக்கே கிடையாது.

"தங்கையா."

"ஸார்."

"ரிப்போர்ட்டு திருத்தணும். பட்டன் போயது நூலு தேஞ்சு. ஆரும் பிடிச்சில்ல."

"அப்போ ஆறடி ஆளு, ஸார்?"

"ஆறடி ஆளும் இல்ல. எலியா, நீ போய்க்கோ."

எலியா கிணற்றிடம் விடைபெற்று ஓடினார். செல்லபாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மூச்சு விடுவது மேசை வரைக்கும் கேட்டது. ஞானசிகாமணிக்கு இரண்டு கண்ணும் நிறைந்தது. பொய் சொல்லவில்லை, பெண்டாட்டியும் தப்பினாள். ஒரே வாயால் இரண்டும் நடப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அத்தோடு அவர் வாயை மூடியிருந்தால் இந்த அத்தியாயம் இங்கே சுகமாக முடிந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் படியில் இறங்கப் போனவர் நின்றார். முகம் சின்னப் பையனின் முகம்போல் ஆகியிருந்தது. "சாரே, எண்டெ அப்பூப்பன் எங்களிடம் கள்ளம் பறஞ்சதாணோ?"

ஞானசிகாமணிக்கு மனசு உருகிவிட்டது. ஒரு மனிதனின் தாத்தாவைக் கொன்றுவிட்டு அவன் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதா?

"சே, சே! அவரு மேல குத்தம் இல்ல சார். இது அவரு காலத்துல பிறந்ததே இல்ல. காதுக்கு உள்ளார பாத்தியளா, வார்ப்புக்க தழும்பு இன்னும் பச்சையாட்டு நிக்குது. வெளிய கரி தேச்சுப் பழசாக்கியிருக்கு. இதுக்கு ரெண்டு மாசம்தான் வயசு. அதுக்கு ஒரு நாளு கூடாது. அசல் எங்கேயோ பத்திரமாட்டு இருக்கும்!"

செல்லபாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் இறக்கிய காலை மறுபடி படியின் மேல் வைத்தார். பையன் முகம் போய்ப் போலீஸ் முகம் வந்தது. "ரெண்டு மாசம்."

"ஆமா சார்."

"அப்போ ஆரோ மாற்றியிருக்கும்." மெல்லப் பேசினார். "இந்தக் கோட்டு எண்டெ மேலிருந்து ஒரே ஒரு தடவைதான் இறங்கியது. கழிஞ்ச மாசம். கை தைக்கக் கொடுத்தேன். சந்தை முக்கில், டெய்லர் விஜயதாஸ்." ஞானசிகாமணியின் தோளில் கை வைத்தார். "சாருடெ மகன். அல்லே?"

அவர் பதிலுக்காகக் கேட்கவில்லை.

"நாளை பத்து மணி. அவனும் வேணும், அசலும் வேணும். ஊர்வலம் போயதுக்கு ஆறு மாசம் கிட்டும் சாரே. களவுக்கு எத்தற கிட்டும் என்று நோக்கட்டே."

ஜீப் போயிற்று. புழுதி அடங்கும் வரை இருவரும் நின்றார்கள்.

"ஒரு கேள்விக்கு ஒரு பதிலு போராதா ஒங்களுக்கு?" என்றாள் செல்லபாய். குரல் உயரவில்லை. "பெண்டாட்டிய எறக்கிவிட்டு மவன ஏத்திவிட்டாச்சு."

"அவன் எடுத்திருக்க மாட்டான் செல்லம். அவன் எனக்க பிள்ளையாக்கும்."

"அதுதான் எனக்கும் பயம்."

அவள் பார்வை போன இடத்துக்கு அவர் பார்வையும் போயிற்று. அலமாரியின் அடித்தட்டு. சாவியை மூன்று தடவை தப்பாகப் போட்டுத் திறந்தார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்குமேல் கிடந்தது. தையல்காரன் முடிச்சு, பல்லால் கடித்துத்தான் அவிழ்ந்தது. உள்ளே ஒரு சீட்டு. 'அப்பாவுக்கு இல்லாத ஒண்ணு. எங்கேருந்துன்னு கேக்காதீங்க. விஜயதாஸ்.'

சீட்டுக்குக் கீழே ஒரு பொத்தான்.

ஞானசிகாமணி முதலில் அதைக் கவிழ்த்தார். முதுகில் செய்தவன் பெயர் வட்டமாகச் சுற்றி வந்தது. காது தனிக் கம்பி, பற்றவைத்தது. தழும்பு இல்லை. திருப்பினார். அறுபது வருஷம் நெஞ்சோடு உரசித் தேய்ந்த பொன்னில், மகாராஜாவின் சங்கு வலம் திருகி நின்றது.

"எதுக்கு சிரிக்கிய?" என்று செல்லபாய் கேட்டாள்.

அப்போதுதான் தாம் சிரித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. வாயை மூடப் பார்த்தார், முடியவில்லை.

செல்லபாய் அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். இந்த முறையும் வலது கைதான். முந்தானையில் முடிந்து, குடையை எடுத்துக்கொண்டு, பொழியூர் பஸ்ஸைப் பிடிக்க இறங்கி நடந்தாள்.